அரளி தின்ற ஆடுகள்

அத்தியாயம் 4

"எனக்கு நியாயமெல்லாம் வேணாம் பாப்பா," என்றார் முத்தம்மா. "பேரு வேணும். எவன் எழுதினானோ, எவ எழுதினாளோ, அந்தப் பேரு."

சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பது. ஆஸ்டின் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே என் அலுவலகம். மூன்று நாற்காலிகள். ஒன்றில் முத்தம்மா, ஒன்றில் நான், மூன்றாவதில் என் உதவியாளர் ஃபிராங்க்ளின். அவருக்கு என்னைவிடப் பதினெட்டு வயது அதிகம். கீழே நிற்கும் ஆட்டோ அவருடையது. கன்னடம் பேசும் இந்த ஊரும் அவருடையது. நான் ஆரணியிலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

"மேடம் பேரு தர்ஷினி," என்று அவர் முத்தம்மாவுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "இந்த ஊர்ல தர்ஷினின்னா நின்னுக்கிட்டே இட்லி சாப்புடற ஓட்டல். பயப்படாதீங்கக்கா, இங்க உக்காரலாம்."

முத்தம்மா சிரிக்கவில்லை.

என் தொழில் பெயர்களைச் சரிபார்ப்பது. மென்பொருள் நிறுவனங்கள் புதிதாக ஆள் எடுக்கும்போது, அந்த ஆள் சொன்ன விலாசம் உண்மையா, அவர் மேல் வழக்கு உண்டா என்று பார்த்துச் சொல்வேன். மரம் சம்பந்தமாக யாரும் இதுவரை வந்ததில்லை. இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முதல் நிமிடமே தோன்றியது. எனக்கு எல்லா வழக்கிலும் அப்படித் தோன்றும் என்பதால் நோட்டைத் திறந்தேன்.

முத்தம்மா சொன்னது இது. மர்பி டவுனில், அவர்களுடைய சிறிய புத்த விகாரையை ஒட்டி ஓர் அரசமரம். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு, அது காலி மனையாக இருந்தபோது, அவருடைய கணவர் ராஜேந்திரன் மாரிக்குப்பத்திலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்டது. பௌர்ணமிதோறும் அதன் அடியில்தான் விளக்கு. ராஜேந்திரன் இறந்தபோது அவரை வைத்திருந்ததும் அதன் அடியில்தான். பின்னால் அந்த மனையைச் சுந்தரமூர்த்தி என்பவர் வாங்கிச் சுவர் எழுப்ப, மரம் அவர் காம்பவுண்டுக்குள் போய்விட்டது. நேற்று, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். மாலை நான்குக்குள் வேரோடு எடுத்துவிட்டார்கள்.

"போலீசு வந்தாங்க. அவன் போனைக் காட்டினான். அவங்க போயிட்டாங்க. போனதும் என்னைப் பாத்து இன்னா சொன்னான் தெரியுமா? நான் இருபத்தாறு வருஷம் அந்தத் தெருவைப் பெருக்கினவ. 'இனிமே பெருக்க இலையே விழாது முத்தம்மா, ரெஸ்ட் எடு'ன்னான்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. மடியிலிருந்த கை மட்டும் விளக்குமாற்றைப் பிடிப்பதுபோல் மூடியது.

போனில் அவர் காட்டியது என்ன என்பதற்குப் புதிய விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வருடம் நகரத்தின் மர விதிகளைத் திருத்தினார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண். இணையத்தில் ஒரு பட்டியல். பட்டியலில் மரம் என்று இருந்தால் அனுமதியில்லாமல் கிளையைக்கூடத் தொட முடியாது. செடி என்று இருந்தால் அனுமதியே தேவையில்லை. தப்பு இருந்தால் பட்டியல் வெளியான முப்பது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். அதற்குப் பிறகு, பதிவு செய்தவரே 'நான் தவறாகப் பதிந்தேன்' என்று எழுதிக் கொடுத்தால்தான் மாற்ற முடியும். அந்த முப்பது நாள் புதன்கிழமை மாலை ஆறு மணியோடு முடிந்திருந்தது.

"பட்டியல்ல அது செடின்னு இருக்குதாம். வேற ஏதோ இங்கிலீஷ் பேரு," என்றார் முத்தம்மா.

"எல்லாருக்கும் அது அரசமரம்னு தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது," என்றார் ஃபிராங்க்ளின்.

"எழுதினது யாருன்னு தெரிஞ்சா, அந்தப் பேரை ஒரு வருஷம் வார்டு ஆபீஸ் போர்டுல போடுவாங்களாம். அதுவும் ரூல்ல இருக்குதாம். ஊரே படிக்கணும். அந்த ஆளோட பெத்தவங்க படிக்கணும். கட்டிக்கப் போறவங்க படிக்கணும்." அவர் எழுந்தார். "திங்கக்கிழமை பதினோரு மணிக்கு மர அதிகாரிகிட்ட விசாரணை. அதுக்குள்ள பேரு குடு பாப்பா. அவன் இடத்துல ஒரு செங்கல் ஏறக் கூடாது. எழுதின கை இனிமே பேனா புடிக்கக் கூச்சப்படணும்."

*

பதினொன்று இருபதுக்கு மர்பி டவுனில் இருந்தோம். விகாரையின் நீலச் சுவர்மேல் இதுவரை விழாத வெயில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து மனையின் மூலையில் புதுச் செம்மண் நிரப்பிய வட்டம். சுவரோரம் வெட்டிய கிளைகளை அடுக்கியிருந்தார்கள்.

சுந்தரமூர்த்தி டிராக் பேண்ட்டில், கையில் காபி டம்ளரோடு வெளியே வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். எங்களை எதிர்பார்த்தவர்போல் போனை நீட்டினார்.

"பாத்துக்கோம்மா. நம்பர் 1147. ஒலியாண்டர். வகை, செடி. நான் ஒண்ணும் திருட்டுத்தனமா பண்ணல. பட்டப்பகல்ல பண்ணேன்."

"ஒலியாண்டர்னா?" என்று ஃபிராங்க்ளின் என்னைக் கேட்டார்.

"ரோட்டு நடுவுல வச்சிருப்பாங்களே, ரோஸ் கலர் பூ. விஷம்," என்றேன்.

"ஓ, அதுவா." அவர் மண் வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தார். "சார், நீங்க இந்தச் செடிக்கு என்ன உரம் போட்டீங்க? பக்கத்து வீட்டுப் பசங்க இதுல ஏறினா அல்சூர் ஏரி தெரியும்னு சொல்றாங்க."

"எனக்கு மரம் மட்டையெல்லாம் தெரியாதுப்பா. முப்பது வருஷம் மெஷின் ஷாப்ல இருந்தவன். கவர்மெண்ட் செடின்னு சொன்னா எனக்குச் செடி."

"அரசமரம்கூடவா சார் தெரியாது?" என்றேன்.

"யாரு சொன்னா அரசமரம்னு? பட்டியல்ல இல்லையே." காபியை ஒரு வாய் குடித்தார். "நல்லா படிச்ச பொண்ணா இருக்கே, ரூலை முழுசாப் படி. பட்டியலை நம்பி நல்லெண்ணத்துல வெட்டினவன் மேல நடவடிக்கை கிடையாது. நல்லெண்ணம். அந்த வார்த்தையே போட்டிருக்கு. நாளைக்கே எவனாவது வந்து நான் தப்பா எழுதிட்டேன்னு அழுதாலும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது."

"முத்தம்மா உங்க மேல கோவமா இருக்காங்க."

"இருக்கட்டுமே. மூணு வருஷம் முன்னாடி நான் பழைய கட்டட இடிபாட்டை ரோட்டோரம் கொட்டினேன்னு போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினா. தெரு பெருக்கறவ. என் வாசல்ல நாலு அதிகாரி வந்து நின்னான். அக்கம்பக்கம் பாத்துது." டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். "இப்ப ரெண்டு பேரும் சமம்."

அவர் உள்ளே போனதும் நான் கிளைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். எண்ணுவதால் என்ன பயன் என்று எனக்கே தெரியவில்லை. எண்ணி முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நாற்பத்தொரு கிளை, ஓர் இலைகூட இல்லை.

"இலையெல்லாம் எங்க போச்சு?" என்றேன்.

"குப்பை வண்டி எடுத்திருக்கும்."

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிஞ்சிருக்கு. இன்னும் குப்பை வண்டி வரலைன்னு முத்தம்மா சொன்னாங்க. சின்னக் கொம்பு நுனியெல்லாம் பாருங்க. வெட்டின மாதிரி இல்ல."

ஃபிராங்க்ளின் குனிந்து ஒரு கொம்பை எடுத்தார். நுனி நார்நாராகக் கிழிந்திருந்தது. பிறகு கேட்டருகே போய், தரையிலிருந்து எதையோ இரண்டு விரலால் பொறுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மேடம், மிளகு."

ஆட்டுப் புழுக்கை.

"மர்பி டவுன்ல ஆடு வளக்கறவங்க உண்டா?"

"பிரியாணி வளக்கறவங்கதான் உண்டு," என்று சொல்லிவிட்டு முனையிலிருந்த ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தார். நான்கு நிமிடத்தில் திரும்பினார். "நேத்து மத்தியானம் ஒரு லக்கேஜ் ஆட்டோ வந்துருக்கு. மேல தழை, கீழ ரெண்டு ஆடு. டேனரி ரோடு நயாஸ் பாய். வாங்க, சாட்சிங்களுக்கு வாய் இருக்குது. பேசாது, மெல்லும்."

*

நயாஸ் பாயின் கொட்டகையில் இருபத்து மூன்று ஆடுகள் இருந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன. எண்ணிக்கொண்டேன்.

"அரே, ஃபிராங்க்ளின்! எதுக்கு இந்தப் பக்கம்?"

"பாய், நேத்து இதுங்க இன்னா தின்னுச்சுங்க?"

"தழை. ஃபஸ்ட் கிளாஸ் தழை. மர்பி டவுன் சுந்தரமூர்த்தி சாப் கொடுத்தாரு. சும்மாவே கொடுத்தாரு. அந்த ஆளு சும்மா ஒரு தும்மல்கூடக் கொடுக்க மாட்டாரு, எனக்கே டவுட்டு."

"அது ஒலியாண்டர்னு எழுதியிருக்கு பாய்," என்று என் போனில் பூவின் படத்தைக் காட்டினேன்.

நயாஸ் பாய் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் ஃபிராங்க்ளினிடம், "இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இது கனேர்! ஒரு கை தின்னா ஆடு விடியலைப் பாக்காது. என் இருபத்து மூணும் நேத்து பூரா தின்னுதுங்க. இன்னிக்குக் காலையில என்னை முட்டுதுங்க."

"சுந்தரமூர்த்தி உங்களை எப்படிக் கூப்பிட்டாரு? நேர்ல வந்தாரா?"

"நக்கோ, இல்ல. அவரு ஏன் வர்றாரு? வாய்ஸ் மெசேஜ்."

அவர் போனைத் தடவித் தேடி எடுத்தார். ஆடுகள் நடுவே, சுந்தரமூர்த்தியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாய், வெள்ளிக்கிழமை பகல் வண்டி எடுத்துட்டு வா. அரசந்தழை, ஒரு லோடு தேறும். ஆட்டுக்கு ரொம்ப நல்லது. காசு வேணாம், இடத்தைச் சுத்தமா ஆக்கிட்டுப் போ."

புதன்கிழமை மாலை ஆறு பன்னிரண்டுக்கு வந்த செய்தி. ஆட்சேபிக்கும் நாள் முடிந்து பன்னிரண்டு நிமிடம்.

ஃபிராங்க்ளின் மெதுவாகக் கை தட்டினார். "மரம் மட்டை தெரியாத மனுஷன். எந்த ஆட்டுக்கு எந்தத் தழைன்னு மட்டும் தெரியும்."

அந்தச் செய்தியை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். வந்ததா என்று பார்த்தேன். இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டேன். சுந்தரமூர்த்தியின் நல்லெண்ணத்தை இருபத்து மூன்று ஆடுகள் தின்றுவிட்டன. என் தொழிலில் முதல் முறையாக, ஒரு மனிதன் மாட்டிக்கொள்வதில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அவர் முகத்தைத் திங்கட்கிழமை பார்க்கவேண்டும் என்று வெறியாக இருந்தது.

*

"பாதி வேலைதான் ஆச்சு," என்றேன் ஆட்டோவில். "பட்டியல்ல செடின்னு இருக்கிற வரைக்கும் அவர் எதை வெட்டினாலும் குத்தமே இல்ல. அவருக்குத் தெரியுமா தெரியாதாங்கிறது அப்புறம். முதல்ல, எழுதினவங்க தப்பை ஒத்துக்கணும். அந்த ஆள் வேணும்."

"அவன் எதுக்கு ஒத்துப்பான்? பைத்தியமா?"

"ஏன் இப்படி எழுதினாங்கன்னே புரியல. அரசமரத்தைப் பாத்து எப்படி அரளின்னு எழுதுவாங்க?"

ஆட்டோ அப்படியே நின்றது. பின்னால் வந்த பஸ் எங்களைக் கன்னடத்திலும் ஹாரனிலும் திட்டிவிட்டுப் போனது. ஃபிராங்க்ளின் முழுவதுமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னா சொன்னீங்க?"

"ஒலியாண்டர்தான் அரளி. செவ்வரளி. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்."

"மேடம், கன்னடத்துல அரளின்னா அரசமரம். அரளி மரா. இந்த ஊர்ல எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்." ஹேண்டில்பாரைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். "சிக்கிட்டான்! மரத்தைப் பாத்தவன் சரியாத்தான் கன்னடத்துல அரளின்னு எழுதியிருக்கான். அதை எவனோ இங்கிலீஷுக்கு மாத்தியிருக்கான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. தமிழ்நாட்டுலேர்ந்து வந்து அரைகுறையா கன்னடம் கத்துக்கற எவனோ ஒரு படிச்ச கழுதை!"

நான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"இன்னா மேடம்? கேஸ் முடிஞ்சுது. கழுதையைப் பிடிச்சா போதும்."

"அல்சூருக்கு விடுங்க," என்றேன். "எனக்குக் கன்னட கிளாஸ் இருக்கு."

"கிளாஸ் ஆறு மணிக்குத்தானே? இப்ப மணி மூணுகூட ஆகல."

"விடுங்க ஃபிராங்க்ளின்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அல்சூர் வரை ஒரு ஜோக்கும் வரவில்லை.

*

வாரத்தில் மூன்று நாள், அல்சூரில் ஒரு பள்ளியின் மாடியறையில், என்னைப் போன்ற இருபது பேருக்குச் சுதீர் சார் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறார். அன்று அவர் வருவதற்காக மாடிப்படியில் உட்கார்ந்து, பையிலிருந்த வகுப்பு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். நான் எதையும் தேதி போட்டுத்தான் எழுதுவேன். எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. 'கையெழுத்துப் பயிற்சி. இரண்டு தாள், ஐம்பத்திரண்டு வரி. படித்து, போன் படிவத்தில் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும்.' அதன் கீழே, சொற்களின் பட்டியல். பதினோராவது சொல்லுக்கு நேரே என் கையெழுத்தில்: 'அரளி. நம் அரளியேதான்! சுலபம்.'

ஆச்சரியக்குறிகூடப் போட்டிருந்தேன்.

சுதீர் சார் ஐந்தரைக்கு வந்தார். நான் கேட்டதும் அவருடைய நிதானமான தமிழ் இன்னும் நிதானமானது.

"அது நெஜமான தாள்தான் தர்ஷினி. வார்டு வாலண்டியருங்க மரம் மரமாப் போய் எழுதினது. பட்டியல்ல ஏத்தறதுக்கு ஆள் இல்லன்னாங்க. நம்ம ஸ்டூடண்ட்ஸுக்கும் பிராக்டிஸ் ஆகட்டும்னு வாங்கினேன். நான் ஒருமுறை பாத்துட்டு அனுப்பறேன்னு சொல்லியிருந்தேன்."

"பாத்தீங்களா சார்?"

அவர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். "அப்ப எக்ஸாம் பேப்பர் திருத்தற நேரம்."

அலமாரியிலிருந்து அந்தத் தாள் கட்டை எடுத்தார். என் இரண்டு தாள்களும் அதில் இருந்தன. வரிசை எண் 1147. கன்னடத்தில் மூன்றே எழுத்து. அதற்கு எதிரே யாரோ அக்கறையாகக் குறித்திருந்தார்: சுற்றளவு ஒன்பது அடி, உயரம் ஐம்பது அடி.

இதைப் பார்த்தும் எப்படிச் செடி என்று பதிந்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வந்தது. ஒலியாண்டர் என்று தேர்ந்தெடுத்ததும் படிவம் அதைச் செடி என்று எடுத்துக்கொண்டது. சுற்றளவு, உயரம் கேட்கும் கட்டங்கள் மறைந்துவிட்டன. நிரப்ப இரண்டு கட்டம் குறைந்தது என்று அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

என் தாள்களில் அரளி இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. 1160, 1183. அந்த இரண்டு அரசமரங்களும் இப்போது எந்த அனுமதியும் இல்லாமல் வெட்டக்கூடிய செடிகள். யாரும் இன்னும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஏத்தினவங்க பேர் எங்கயும் இல்ல," என்றார் சுதீர் சார் தாழ்ந்த குரலில். "ரோல் நம்பர் மட்டும்தான் இருக்கு. பதினாலுன்னா யாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ரெஜிஸ்டர் எங்கயோ தொலைஞ்சு போச்சுன்னு நெனைச்சுக்கோ. உனக்கும் நல்லது. எனக்கும்."

என் பிழைப்பு எது என்று அவருக்குத் தெரியும். ஒரு பெயர் சுத்தமாக இருக்கிறதா என்று அடுத்தவருக்குச் சொல்பவள் நான். என் பெயர் வார்டு அலுவலகப் பலகையில் ஒரு வருடம் இருந்தால், அதைப் படம் எடுத்து யாராவது ஒருவர் இணையத்தில் போட்டால், எந்த நிறுவனம் என்னிடம் ஆள் விவரம் கொடுக்கும்?

"தாளோட நகல் வேணும் சார். மேல 'இது அசல்'னு உங்க கையெழுத்தும்," என்றேன். என் குரல் எனக்கே தைரியமாகக் கேட்கவில்லை.

கீழே ஃபிராங்க்ளின் போகாமல் காத்திருந்தார். நான் நோட்டைத் திறந்து காட்டினேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆச்சரியக்குறியில் விரலை வைத்தார்.

"கழுதைன்னு சொன்னதுக்கு சாரி மேடம்," என்றார். பிறகு, "என் பேரைப் போடுங்க. ஃபிராங்க்ளின் எழுதினான்னு. நான் போர்டுல வந்தா எங்க தெருவுல மாலை போடுவாங்க, இதுவரைக்கும் எங்க வீட்ல எவன் பேரும் எங்கயும் வந்ததில்ல."

"உங்களுக்குக் கன்னடம் தெரியும். நம்ப மாட்டாங்க."

"அதுவும் சரி," என்று வண்டியைக் கிளப்பினார்.

*

திங்கட்கிழமை பத்து நாற்பதுக்கு வார்டு அலுவலக வாசலில் முத்தம்மா நின்றிருந்தார். வெள்ளைப் புடவை, கையில் எதுவும் இல்லை.

"பேரு?" என்றார்.

சனி இரவும் ஞாயிறு முழுவதும் நான் தயார்செய்த வாக்கியங்கள் ஏழு. அவற்றில் ஒன்றும் வரவில்லை. "நான்தாம்மா," என்றேன். "கன்னடம் கத்துக்கும்போது. அரளின்னு இருந்ததை எங்க ஊர் அரளின்னு நெனைச்சு எழுதிட்டேன். ஊர்ப் பட்டியலுக்குப் போகும்னு தெரியாது. அப்ப தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரிஞ்சுது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"உள்ள போய்ச் சொல்லு," என்றார்.

மர அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. விசாரணையைக் கன்னடத்தில் நடத்தினார்; தமிழும் அவருக்குப் புரியும். சுந்தரமூர்த்தி பட்டியலின் அச்சுப் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நல்லெண்ணம் என்ற சொல்லை மூன்று முறை சொன்னார்.

நான் எழுந்து, அசல் தாளின் நகலையும் என் எழுத்து வாக்குமூலத்தையும் வைத்தேன். 1147, 1160, 1183. மூன்றும் அரசமரம்; மூன்றையும் தவறாகப் பதிந்தது நான். என் கன்னடம் இரண்டு இடத்தில் தடுமாறியது. அதிகாரி திருத்தவில்லை. கடைசிவரை கேட்டார்.

சுந்தரமூர்த்தி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "சந்தோஷம். தப்பு அந்தப் பொண்ணோடதுன்னு ஆயிடுச்சு. நான் பட்டியலை நம்பினேன். எனக்கு மரம் தெரியாது."

"அவருக்கு ஆடு தெரியும் மேடம்," என்றார் ஃபிராங்க்ளின், அதிகாரியிடம்.

என் போனை மேசைமேல் வைத்து அழுத்தினேன். 'அரசந்தழை, ஒரு லோடு தேறும். ஆட்டுக்கு ரொம்ப நல்லது.' அறையில் அவருடைய குரல் அவரைவிடச் சத்தமாக இருந்தது. அதிகாரி மறுபடி போடச் சொன்னார். அந்த இரண்டாவது முறையில் சுந்தரமூர்த்தி பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, மூடி, பிரித்து, மறுபடி மூடினார். அது எப்போது வந்த செய்தி என்று அதிகாரி கேட்டார். நேரத்தைக் காட்டினேன்.

"அது... சும்மா வாய் தவறி..." என்றார் அவர்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க சார்," என்றார் முத்தம்மா.

உத்தரவை அதிகாரி அங்கேயே எழுதினார். அந்த மனையில் பத்து வருடத்துக்கு எந்தக் கட்டடமும் கூடாது. வெட்டிய இடத்திலேயே அரசங்கன்று வைக்கவேண்டும். வளர்ப்பது சுந்தரமூர்த்தியின் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வையிட வருபவர்களில் விகாரையைச் சேர்ந்த ஒருவர் இருக்கவேண்டும்.

"நான் வர்றேன்," என்றார் முத்தம்மா. "ஒவ்வொரு தடவையும் நானே வர்றேன். கேட்டைத் தொறந்து வை."

சுந்தரமூர்த்தி எழுந்து போனார். அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தவள் நான். பார்த்தேன். நினைத்த அளவுக்கு ருசிக்கவில்லை.

அதிகாரி என் வாக்குமூலத்தை மறுபடி எடுத்தார். "இந்தப் பெண் தானாக வந்து சொல்லியிருக்கிறாள்," என்று முத்தம்மாவிடம் சொன்னார். "இவள் வராவிட்டால் இந்த வழக்கே இல்லை. இன்னும் இரண்டு மரங்களும் தப்பித்திருக்கின்றன. புகார் கொடுத்தவர் சம்மதித்தால், பலகையில் பெயர் போடாமல் விட விதியில் இடமிருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?"

ஃபிராங்க்ளின் முத்தம்மாவைப் பார்த்தார். அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். பெயர் எழுத வேண்டியிருக்காது என்று அவர் மனதில் முடிவாகிவிட்டது போலிருந்தது.

முத்தம்மா இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல பொண்ணு," என்றார்.

ஃபிராங்க்ளின் மூச்சை விட்டது கேட்டது.

"நல்ல பொண்ணுதான். அது எழுதினதால விழுந்த மரம் எழுந்து வரப்போறது இல்ல." அதிகாரியின் பக்கம் திரும்பினார். "எழுதுங்க."

"அக்கா..." என்றார் ஃபிராங்க்ளின்.

"எழுதுங்கம்மா. ஒரு வருஷம். ஒரு நாள் குறையாம."

குமாஸ்தா பேனாவை எடுத்தார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் கன்னடத்தில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு 'ர்' விட்டுப்போயிருந்தது. அப்படியே இருந்தால் அது வேறு யாரோ ஒருத்தியின் பெயர். யார் தேடினாலும் நான் அகப்பட மாட்டேன்.

"சார்," என்றேன், "தப்பா இருக்கு."

அவர் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.